வெளிமானுக்கு வெளி வேண்டும்

சென்னை கோட்டூர்புரத்தில் அடையாற்றுப் பாலத்தைக் கடந்து, காந்தி மண்டபச் சாலையில் தெற்கு நோக்கி நடந்தால் சர்தார் படேல் சாலை வந்து சேரும். எதிரே காந்தி மண்டபம். அதன் பின்னால் காடு. பேருந்துகளின் இரைச்சலுக்கு நடுவே ஒரு மதில் சுவர். அதற்கு அப்பால் களாப் புதரும் பனை மரமும் மானும் நரியும் உள்ள கிண்டி தேசியப் பூங்கா. பரப்பளவு ஏறக்குறைய 270 ஹெக்டேர், அதாவது சுமார் 670 ஏக்கர். நாட்டிலுள்ள தேசியப் பூங்காக்களில் மிகச் சிறியவற்றுள் இதுவும் ஒன்று. ஒரு நடுத்தரக் கிராமத்தின் புஞ்சைப் பரப்புகூட இதைவிடக் கூடுதலாக இருக்கும்.

பட்டணத்து நடுவில் மான் காக்கும் காட்டுக்கும், இரண்டு ஏக்கர் மானாவாரியும் நாலு ஆடும் வைத்துப் பிழைக்கும் விவசாயிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. கிண்டியில் வெளிமானின் மேய்ச்சலைக் கெடுத்த அதே மரம்தான் கிராமத்து மேய்ச்சல் புறம்போக்கையும் ஏரி உட்பகுதியையும் அடைத்துக் கொண்டிருக்கிறது. அங்கு மேய்ச்சலை மீட்கக் கையாள வேண்டிய முறையே இங்கும் பொருந்தும். இயற்கையாக உள்ள நிலத்தைக் காப்பது என்றால் வேலி போட்டு விட்டுவிடுவது, அல்லது காலியாகத் தெரியும் இடமெல்லாம் மரக்கன்று நடுவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இவ்விரண்டுமே சில நிலங்களுக்குக் கேடு செய்யக்கூடியவை.

சுருங்கிய காடு

கிண்டிக் காட்டின் பரப்பு ஒரு காலத்தில் 505 ஹெக்டேர். 1821-ஆம் ஆண்டில் அரசு இந்நிலத்தை 35,000 ரூபாய்க்குத் தனியாரிடமிருந்து வாங்கியது. 1910-இல் இது காப்புக் காடாக்கப்பட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறியது. 1950-களின் இறுதியில் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஒரு பெரும் பகுதி சென்றது. 1961-க்கும் 1977-க்கும் இடையில் மட்டும் சுமார் 172 ஹெக்டேர், கல்வி நிலையங்களுக்கும் நினைவிடங்களுக்குமாகப் பிரிந்தது. எஞ்சியது 1977-இல் வனத்துறை வசம் வந்து, 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் ஆளுநர் மாளிகைக்கும் தொழில்நுட்பக் கழக வளாகத்துக்கும் பூங்காவுக்கும் இடையே சுவர்கள் எழுந்தன.

எந்தக் கிராமத்துப் புறம்போக்கும் இப்படித்தான் குறைகிறது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு துண்டு, சாலைக்கு ஒரு துண்டு, காலனிக்கு ஒரு துண்டு. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கும். கூட்டிப் பார்க்கும்போதுதான் மாடு நிற்க இடமில்லை என்பது தெரிய வரும்.

இப்போது எஞ்சியுள்ளது சோழமண்டலக் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைக் காட்டின் ஒரு துண்டு. ஆண்டில் ஏழு மாதம் வறட்சி இருந்தாலும் இலை முழுவதும் உதிராத காடு இது. அனா, கொஞ்சி, களா, சிற்றீச்சு, சூரை முதலிய புதர்கள் நெருங்கி வளரும். அவற்றினூடே திறந்த புல்தரைகளும் உண்டு. இந்தப் புல்தரைகளைப் பற்றித்தான் இங்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியுள்ளது.

இரண்டு மான், இரண்டு தீனி

இக்காட்டில் இரண்டு வகை மான்கள் உள்ளன. ஒன்று புள்ளிமான். மற்றொன்று வெளிமான், திருகிய கொம்புள்ளது. பார்ப்பவருக்கு இரண்டும் மான்தான். ஆனால் வெள்ளாடும் செம்மறியும் எவ்வளவு வேறோ அவ்வளவு வேறு இவை இரண்டும்.

புள்ளிமான் புல்லும் மேயும், தழையும் கடிக்கும், உதிர்ந்த காயும் தின்னும். மரநிழலில் ஒதுங்கும். ஆபத்து என்றால் புதருக்குள் புகுந்து மறையும். வெளிமான் அப்படியல்ல. அது முக்கியமாகக் குட்டைப் புல்லை நம்பி வாழ்வது. தூரத்திலேயே பகையைக் கண்டு ஓடித் தப்புவதே அதன் பாதுகாப்பு. ஆகவே கண்ணுக்கு எட்டிய தூரம் திறந்திருக்க வேண்டும். ஓட இடம் வேண்டும். ஆண் மான் தன் எல்லையை வகுத்து நின்று பெண் மான்களைக் கவர்வதும் திறந்த வெளியில்தான். வெளிமான் என்று நம் முன்னோர் பெயரிட்டபோதே அதன் தேவை என்ன என்பதையும் சொல்லி விட்டனர். அந்தப் பெயரைத் திட்டம் போடுவோர் கவனித்திருந்தால் பல தவறுகள் நேர்ந்திரா.

கிண்டியில் வெளிமான்களுக்கு நெடுங்காலமாக ஆதரவாக இருந்தது ஆளுநர் மாளிகையை ஒட்டிய போலோ மைதானம். குதிரை விளையாட்டுக்காகத் திருத்தப்பட்ட வெளி. அது மானுக்காக அமைக்கப்பட்டதல்ல. எனினும் குட்டைப் புல்லும் திறந்த பார்வையும் அங்குதான் இருந்தன. மற்ற இடங்களில் திறந்த தரைகளில் மரக்கன்றுகள் நடப்பட்டன; நடாத இடத்தில் சீமைக் கருவேல் தானே புகுந்தது. நிழல் விழுந்த இடத்தில் நல்ல புல் மெலிந்தது. புள்ளிமானுக்கு இதனால் பெரிய நட்டமில்லை, எண்ணிக்கை பெருகியது. வெளிமான் ஒதுங்க ஒதுங்கச் சிறிய இடத்துக்குள் அடைபட்டது. சங்கர் ராமன், மேனன், சுகுமார் ஆகியோர் 1990-களில் இவ்விரு மான்களையும் இங்கு ஆராய்ந்து எழுதியுள்ளனர்.

சுவர் கட்டியதால் வேறொரு தொல்லையும் ஏற்பட்டது. முன்பு ஒரே காடாக இருந்தபோது மான்கள் மேய்ச்சலுக்குத் தக்கபடி இடம் மாறின. சுவர் வந்தபின் சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்தன. சிறு கூட்டத்துக்குள்ளேயே இனவிருத்தி தொடர்ந்தால் என்ன ஆகும் என்பது ஒரே கிடாவை ஆண்டுக் கணக்கில் மந்தையில் வைத்திருப்பவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெருநாய்கள் குட்டிகளைக் கொல்வதும், வெளியிலிருந்து வந்து விழும் பிளாஸ்டிக் பைகளைத் தின்று மான்கள் மடிவதும் தனிக் கதை.

வேலிக்கு வந்த மரம்

சீமைக் கருவேல் நம் நாட்டு மரமல்ல. அமெரிக்கக் கண்டத்தின் வறண்ட பகுதிகளைச் சேர்ந்தது. சென்னை மாகாண வனத்துறை அதிகாரியாக இருந்த பெடோம் என்பவர் 1876-இல் இதன் விதை கேட்டு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதை 1877-இல் கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்டது. விறகுப் பஞ்சம் தீர வேண்டும் என்பது நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறியது என்பதை மறுக்க முடியாது. ராமநாதபுரம் பகுதியில் கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இன்றும் பல. வட மாவட்டங்களில் இதற்கு வேலிக்காத்தான் என்றே பெயர். வேலியைக் காக்க வந்தது, வேலிக்குள்ளும் புகுந்து விட்டது.

இதை நாட்டுக் கருவேலுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் நிற உருண்டை. காய் மணி கோத்தது போல இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக் கருவேலின் பூ வெளிர் மஞ்சள் நிறத்தில் கதிர் போல நீண்டு தொங்கும். காய் முற்றும்போது வைக்கோல் நிறமாகி இனிப்பாக இருக்கும். இந்த இனிப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆடும் மாடும் மானும் காயை விரும்பித் தின்கின்றன. கடினமான தோலுடைய விதை வயிற்றில் செரிக்காமல் சாணத்தோடு வெளிவருகிறது. செரிமான நீரில் ஊறித் தோல் இளகுவதால் முன்னிலும் நன்றாக முளைக்கிறது. எருவும் கூடவே கிடைத்து விடுகிறது. விதைத்து எருவும் இடும் ஆள் கூலியில்லாமல் கிடைத்தால் எந்தப் பயிர்தான் பரவாது?

இம்மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்று பேசுவோர் உண்டு. இதற்கு ஆதாரம் இல்லை. இதன் குற்றம் வேறு. ஆழமாகவும் பக்கவாட்டிலும் வேர் ஓட்டி மண்ணின் நீரை எடுத்துக் கொள்கிறது. அடியில் புல்லை வளர விடுவதில்லை. ஒரு முறை வேரூன்றினால் எளிதில் போவதில்லை. இந்தக் குற்றங்களே போதுமானவை. இல்லாத குற்றம் சுமத்த வேண்டியதில்லை.

இதே மரம் வேதாரணியம் அருகே கோடிக்கரையிலும் வெளிமான்களின் புல்தரைக்குள் புகுந்துள்ளது. 1967-இல் சரணாலயமாக்கப்பட்ட இடம் அது. அங்குள்ள காட்டுக் குதிரைகள் மானின் புல்லில் பங்கு கேட்கின்றன. கருவேல் அந்தப் புல் வளரும் தரையையே எடுத்துக் கொள்கிறது.

மேய்ச்சலை நிறுத்தினால் போதுமா?

மாடு மேய்ச்சல்தான் காட்டைக் கெடுக்கிறது, அதை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவர்களுக்கு ராஜஸ்தானிலுள்ள பரத்பூர் பறவைக் காடு ஒரு பதில் தந்தது. அங்கு 1982-இல் எருமை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. சுற்றுக் கிராமத்து மக்கள் எதிர்த்தனர். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. பின்னர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் ஆராய்ந்தபோது, எருமைகள் இல்லாத நீர்நிலைகளில் ஒரு வகை நீர்ப்புல் மண்டி, பறவைகள் நீந்தவும் இரை தேடவும் இடமில்லாமல் போனது தெரிந்தது. மேய்ச்சல் கூடாது என்று முன்பு எண்ணியிருந்தவர்களே கருத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. கிராமத்தார் புல் அறுத்துச் செல்லப் பின்னர் அனுமதி தரப்பட்டது.

இதிலிருந்து, எங்கும் எவ்வளவு வேண்டுமானாலும் மேய்க்கலாம் என்று கொள்ளக் கூடாது. அளவுக்கு மீறிய மேய்ச்சலில் நல்ல புல் முதலில் அழியும். மாடு தொடாத துத்தியும் ஊமத்தையும் ஆவாரையும் மிஞ்சும். அந்த வெற்றுத் தரையில்தான் சீமைக் கருவேல் முதலில் கால் வைக்கிறது. எவ்வளவு மேய்க்கலாம், எப்போது ஓய்வு தரலாம் என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை தேடி வெளிநாடு போக வேண்டாம். காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் வட்டாரத்துக் கொரங்காடுகளைப் பார்த்தால் போதும். நிலத்தைச் சில ஏக்கர் கொண்ட துண்டுகளாகப் பிரித்து முள்கிளுவையால் உயிர்வேலி போட்டிருப்பார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே, நெருக்கமின்றி, வெள்வேல மரங்கள். ஒரு துண்டில் மேய்ந்தபின் அடுத்த துண்டுக்கு மாற்றுவார்கள். மழை பெய்தவுடன் ஆட்டை உள்ளே விடாமல், புல் தழைக்க அவகாசம் தருவார்கள். வறட்சியில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் உதிர்ந்து தீனியாகும். வெள்வேல் அடர்ந்தால் புல் குறையும் என்பதால் கன்றுகளை அவ்வப்போது கழித்து விடுவார்கள். மழை குறைந்த அந்தப் பகுதியில் காங்கேயம் மாட்டினம் நிலைத்ததற்கு இந்த நில நிர்வாகமே காரணம் எனலாம். கிண்டியில் வெளிமானுக்கு வேண்டியதும் ஏறத்தாழ இதே அமைப்புத்தான்: குட்டைப் புல், தூரம் தூரமாக மரம், அவ்வப்போது கழித்தல். கிண்டியில் வனத்துறை சீமைக் கருவேலை அகற்றிப் புல்தரையைத் திறந்து விடும் பணியை மேற்கொண்டது இந்த அடிப்படையில்தான்.

நிலத்துக்குத் தக்க வைத்தியம்

ஆனால் கோட்டூர்புரத்திலேயே இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் உண்டு. பறக்கும் ரயில் நிலையத்தருகே, ஆற்றங்கரையில், குப்பை கொட்டிக் கெட்டுப்போயிருந்த பொதுப்பணித் துறை நிலத்தில் 2006 முதல் 'நிழல்' என்ற அமைப்பினர் நாட்டு மரங்களை நட்டு மரப் பூங்கா ஒன்றை உருவாக்கினர். இங்கு மரம் நட்டது முற்றிலும் சரி. அழிப்பதற்கு அங்கு புல்தரை எதுவும் இருக்கவில்லை.

கோயில் காடுகளுக்கு மூன்றாவது வைத்தியம். ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள பழங்காட்டில் மரம் நடவும் வேண்டாம், புதரை வெட்டவும் வேண்டாம். சுத்தம் செய்வதாக நினைத்துச் சருகைக் கூட்டி எரிப்பதும், சிமெண்டுத் தளம் போடுவதும், அழகுக்காக அயல் மரங்களை நடுவதும் பெரிய கெடுதல். சருகு மக்கிய மண்ணில்தான் பாலையும் காசாவும் தம் கன்றுகளைத் தாமே முளைக்க வைக்கும். அங்கு அந்நியச் செடி முளைத்தால் மட்டும் கையால் பிடுங்கிவிட வேண்டும்.

ஆகவே மரம் நடும் விழாவுக்கு இடம் தேடி யாராவது கிராமத்துக்கு வந்தால், முதலில் அந்த நிலம் எத்தகையது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். நெடுங்காலமாக மாடு மேய்ந்த திறந்த தரையானால், வரப்போரமும் சாலையோரமும் நட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு மேய்ச்சல் தரையை விட்டுவிடச் சொல்வது நலம்.

அகற்றும் முறை

சீமைக் கருவேலைத் தரைக்கு மேல் வெட்டினால் அது வெட்டே அல்ல. கத்தரித்து விடுவதற்குச் சமம். ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துத் தண்டு துளிர்க்கும். மொட்டு விடும் பகுதி தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே வேர்க் கழுத்தில் இருக்கிறது. ஆகவே சுமார் ஓர் அடி ஆழம் தோண்டி வேர்க் கழுத்துடன் எடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் இளகியிருக்கும் மார்கழி, தை மாதங்கள் இதற்கு ஏற்றவை. காய் பழுத்து உதிருமுன் வேலையை முடித்துவிட வேண்டும். கைக்கு அடங்கும் கன்றுகளை நல்ல மழைக்கு மறுநாள் வேரோடு பிடுங்கலாம்.

பெரிய இயந்திரம் விட்டு ஒரே வாரத்தில் துடைத்து விடலாம் என்ற ஆசை பலருக்கு உண்டு. மண்ணைப் புரட்டப் புரட்ட உள்ளே கிடக்கும் விதைகள் மேலே வந்து முளைக்கும். அடுத்த ஆண்டு பார்த்தால் நாற்றங்கால் போலக் கன்று நிற்கும். எத்தனையோ ஊர்களில் செலவு வீணானது இப்படித்தான். வருடத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்து எடுத்து, எடுத்த இடத்தில் குறைந்தது மூன்று ஆண்டு கன்று பிடுங்குவது மேல். விறகையும் கரியையும் நம்பியுள்ள குடும்பங்களுக்கும் இதனால் உடனடிப் பாதிப்பு இராது. மானுள்ள காட்டில் இந்தப் படிப்படியான முறை இன்னும் அவசியம். வறட்சியில் அவையும் அந்தக் காயைத் தின்கின்றன.

காயைப் பொறுக்கி, நன்கு காயவைத்து, அரைத்துத் தீவனத்தில் ஒரு பங்காகக் கலக்கலாம். அரைபடும்போது விதை அழிந்து விடும். முழுக் காய் தின்ற ஆடுகளைச் சுத்தம் செய்த நிலத்துக்குள் நேராக ஓட்டக் கூடாது. அந்தப் பட்டியின் எருவையும் நன்கு மக்காமல் வயலில் போடக் கூடாது.

புறம்போக்கிலும் ஏரியிலும் உள்ள மரங்களைத் தன்னிச்சையாக வெட்டக் கூடாது என்பது கவனிக்கத்தக்கது. ஊராட்சியில் தீர்மானம் போட்டு, வட்டாட்சியர் மூலமோ, ஏரிக்குப் பொறுப்பான துறை மூலமோ அனுமதி பெற வேண்டும். அந்நியக் களைச் செடிகளை அகற்றி இயற்கை நிலங்களை மீட்பதற்கென 2022-இல் தமிழக அரசு ஒரு கொள்கையை வெளியிட்டுள்ளது. மனுவில் அதைக் குறிப்பிடலாம்.

காட்டோர விவசாயிகளுக்கு ஒரு செய்தி. வெளிமான் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பிராணி. கடலையையோ பயறையோ மேய்ந்தாலும் அதற்குத் தீங்கு செய்தால் தண்டனை கடுமையானது. வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவது மானை மட்டுமல்ல, அதிகாலையில் நீர் பாய்ச்ச வரும் ஆளையும் கொல்லும். சேதத்தை உடனே வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, பார்வையிடச் செய்து, இழப்பீடு கோர வேண்டும். வேலிக்குக் களா, சூரை, முள்கிளுவை ஆகியவை மலிவானவை. ஆண்டுக் கணக்கில் நிற்கும். களாப் பழம் விற்றுச் சில்லறைக் காசும் பார்க்கலாம்.

கருவேல் எடுத்த தரையை வெறுமனே விட்டால் மீண்டும் அதுவே வரும். உடனடியாகப் புல் விதைக்க வேண்டும். மானாவாரிக்குக் கொழுக்கட்டைப் புல் சிறந்தது. ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதுமானது. மிக ஆழத்தில் போகாமல், லேசாகக் கீறி விதைத்து, முள் கட்டையால் மேலாக இழுத்துவிட வேண்டும். முதல் ஆண்டு ஆடு மாடு விடாமல், முற்றிய புல்லை மட்டும் அறுத்துப் போடலாம். விதை உதிர்ந்து தரை மூடியபின் இரண்டாம் ஆண்டில் அளவாக மேய்க்கலாம். பலர் செய்யும் ஒரு தவறு, அறுத்த விதையை அந்த ஈரத்திலேயே விதைத்துவிட்டு முளைக்கவில்லை என்று கைவிடுவது. இதன் விதைக்கு ஆறு முதல் எட்டு மாதம் வரை உறக்கக் காலம் உண்டு. தை மாதத்தில் உருவிய விதையைக் காயவைத்துச் சாக்கில் கட்டி வைத்தால், புரட்டாசி மழைக்கு அது முளைக்கத் தயாராகி விடும்.